சன்லைற் கேட்டால் எந்தக் கட்டி வரும்?

கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட எனக்குப் பழக்கமான ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. காலையில் பாண் வாங்கப் போனால் பத்து நிமிடமாவது அங்கே நின்றுவிடுவேன். போன கிழமை வயதான ஒரு அம்மா வந்து, "மனே, ஒரு சன்லைற் கட்டி தா" என்றார். கடைக்காரத் தம்பி எடுத்துக் கொடுத்தது வேறொரு கம்பனியின் மஞ்சள் கட்டி. அம்மா உறையைப் பார்க்கவேயில்லை. காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அவருக்கு வேண்டியது உடுப்புக் கழுவுகிற சவுக்காரம். அதற்கு அவர் வாயில் இருக்கிற பெயர் சன்லைற், அவ்வளவுதான்.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இப்படிப் பல பெயர்கள் உண்டு. சிக்னல் என்றால் பற்பசை. விம் என்றால் சட்டி தேய்க்கிற எதுவும். பாணுக்குப் பூசுகிறது அஸ்ரா. சேர்ஃப் என்றால் தூள். இவை எல்லாமே ஒரே கம்பனியின் வழியாக நமக்கு வந்த பெயர்கள். முந்தின தலைமுறை அதை லீவர் பிரதர்ஸ் என்றது, இப்போது யூனிலீவர். தன் பெயர் பொருளின் பெயராகிவிட்டால் ஒரு வியாபாரிக்கு அது பெருமையா தலையிடியா என்று கேட்டால், இரண்டும்தான். ஆனால் இந்தக் கம்பனியின் கதையைத் தோண்டிப் பார்த்தால் ஒன்று விளங்கும்: அது முதலில் கையில் எடுத்தது ஒரு பெயரைத்தான். சவர்க்காரம் காய்ச்சத் தொடங்கியது அதற்கு அடுத்த வருடம்.

வில்லியம் ஹெஸ்கத் லீவர் 1851இல் இங்கிலாந்தின் போல்ற்றன் நகரில் பிறந்தவர். தகப்பனுக்குப் பலசரக்கு மொத்த வியாபாரம். பள்ளிக்கூடம் முடிந்து கடைக்கு வந்த பையனுக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று சவர்க்காரம் வெட்டுவது. அந்தக் காலத்தில் சவர்க்காரம் நீட்டுப் பாளமாகத்தான் கடைக்கு வரும். கேட்கிற அளவுக்கு வெட்டி, நிறுத்து, தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். யார் காய்ச்சியது என்று ஒருவருக்கும் தெரியாது. நம்முடைய கடைகளில் கருவாடும் வெல்லமும் விற்கிற மாதிரிதான். நல்லது கெட்டது எல்லாம் கடைக்காரன் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிற விசயம்.

1884இல் தனக்கென்று ஒரு சவர்க்காரம் விற்க நினைத்த லீவர், லிவர்பூலில் வர்த்தகக் குறி பதிவு செய்கிற ஒருவரிடம் போனார். அவர் ஒரு தாளில் ஐந்தாறு பெயர்களை எழுதிக் கொடுத்தார். முதலில் ஒன்றும் பிடிக்கவில்லையாம். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அந்தப் பட்டியலில் இருந்த ‘சன்லைற்’ மனதில் ஒட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. வேறு யாராவது பதிந்துவிடப் போகிறார்கள் என்று ஓடிப்போய்ப் பதிவு செய்தார். அப்போது அவருக்குத் தொழிற்சாலை கிடையாது. மற்றவர்கள் காய்ச்சியதை வாங்கித் தன் பெயரைப் போட்டு விற்றார். அவர்கள் அனுப்பியது ஒருநாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி. வீட்டில் வைத்தால் வியர்க்கும், மணம் மாறும். பெயர் நல்லது, உள்ளே இருக்கிற சாமான் சரியில்லை. அதனால்தான் 1885இல் வொரிங்ரன் என்ற ஊரில் ஒரு சின்னத் தொழிற்சாலையைக் குத்தகைக்கு எடுத்துத் தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து தானே காய்ச்சத் தொடங்கினார்.

அங்கே வந்த சேர்மானத்தில்தான் நமக்கு ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதுவரை இங்கிலாந்தில் சவர்க்காரம் என்றால் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பு. லீவர் அதைக் குறைத்துக் கொப்பரை எண்ணெய் அல்லது எண்ணெய்ப்பனைப் பருப்பு எண்ணெயைப் பெரும்பங்காகச் சேர்த்தார். பருத்திவிதை எண்ணெயும் குங்கிலியமும் கூட உண்டு. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். அதில் செய்த கட்டி இறுக்கமாக இருக்கும், சட்டென்று நுரைக்கும். குளிர்நாட்டுக்காரன் தென்னையைத் தேடி வந்தது இளநீர் குடிக்கவல்ல.

பிறகு அவர் செய்ததுதான் பெரிய வேலை. பாளமாக அனுப்பாமல் சின்னக் கட்டிகளாக அச்சிட்டு, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டு அனுப்பினார். கட்டியில் பெயர், உறையில் பெயர், சுவரில் பெயர். கலப்படம் என்று நிரூபித்தால் 1000 பவுண் தருகிறேன் என்று உறையிலேயே அச்சடித்தார். கடைக்காரனின் கத்திக்கும் தராசுக்கும் இனி வேலை இல்லை. வீட்டுப் பெண்கள் கடைக்காரனை நம்பவேண்டிய இடத்தில் உறையை நம்பத் தொடங்கினார்கள். 1888இல் மேர்சி ஆற்றங்கரையில் ஒரு ஊரையே கட்டத் தொடங்கித் தொழிற்சாலையை அங்கே கொண்டுபோனார். ஊரின் பெயரும் போர்ட் சன்லைற். அதே வருடம் கல்கத்தாத் துறைமுகத்தில் சன்லைற் பெட்டிகள் வந்து இறங்கின.

உறையை நம்பச் சொன்னவருக்கு உறையாலேயே ஒரு சோதனையும் வந்தது. 1906இல் எண்ணெய் விலை ஏறியபோது லீவர் விலையைத் தொடாமல் 16 அவுன்ஸ் பொதியை 15 அவுன்ஸாகக் குறைத்தார். போட்டிக் கம்பனிகளோடு சேர்ந்து ஒரு கூட்டும் அமைக்கப் பார்த்தார். டெய்லி மெயில் பத்திரிகை விடவில்லை. ஏழைகளின் பணத்தை அவுன்ஸ் அவுன்ஸாகத் திருடுகிறார்கள் என்று நாளாந்தம் எழுதியது. விற்பனை விழுந்தது, கூட்டும் உடைந்தது. லீவர் மானநட்ட வழக்குப் போட்டு 50,000 பவுண் வாங்கினார். வழக்கில் வென்றார் சரி, ஆனால் அவுன்ஸ் குறைந்ததும் உண்மைதானே. இன்றைக்கும் கடையில் பழைய கட்டியையும் புதுக் கட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இது சின்னதாப் போயிற்றல்லோ" என்று நாம் சொல்லும்போது, அது நூற்றிருபது வருடப் பழைய வழக்கு.

இலங்கையில் லீவர் பிரதர்ஸ் கடை விரித்தது 1938இல், கொழும்பு கிராண்ட்பாஸில். அதற்குள் லீவர் இறந்து (1925) கம்பனி வேறு உருவம் எடுத்திருந்தது. நெதர்லாந்தில் யூர்கன்ஸ், வான் டென் பேர்க் என்று இரண்டு குடும்பங்கள் மாஜரின் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தன. மாஜரினுக்கும் சவர்க்காரத்துக்கும் என்ன உறவு? இரண்டுக்கும் மூலப்பொருள் எண்ணெயும் கொழுப்பும். ஒரே கொப்பரையை இரண்டு பேரும் போட்டிபோட்டு வாங்கி விலையை ஏற்றிக்கொள்வதைவிட ஒன்றாவது மேல் என்று 1929 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். 1930 முதல் யூனிலீவர். அதனால்தான் நம்முடைய அலுமாரியில் சவர்க்காரத்தையும் அஸ்ராவையும் ஒரே கம்பனி வைத்திருந்தது. அந்த மாஜரின் பக்கத்தை 2018இல் உலகம் முழுக்க விற்றுவிட்டார்கள். நமக்கு அது தெரியவே தெரியாது. பிறந்தநாள் கேக்குக்கு இன்னும் அஸ்ராதான் வாங்குகிறோம்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். இந்தப் பெயர்கள் வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது?

பெத்தாவின், அதாவது பாட்டியின், அடுப்படியில் சட்டி தேய்க்கச் சாம்பலும் தென்னந்தும்பும்தான். கறிச்சட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சாம்பலில் காரம் இருக்கும். இரண்டும் தண்ணீரோடு சேர்ந்து தேய்படும்போது அந்தச் சட்டிக்குள்ளேயே கொஞ்சம் சவர்க்காரம் உண்டாகிறது. பெத்தாவுக்கு இரசாயனம் தெரியாது, ஆனால் ஒவ்வொரு நாளும் காய்ச்சிக்கொண்டிருந்தார். தலைக்குத் தேசிக்காயும் சீயாக்காயும். பல்லுக்கு உமிக்கரி அல்லது வேப்பங்குச்சி. உடுப்பைச் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் ஊறவைத்து வெள்ளாவி வைத்து எடுப்பார்கள். உவர்மண் என்பதும் காரம்தான், சோடியம் காபனேற்று கலந்த மண். ஆக இந்தக் கம்பனிகள் வந்து நமக்குச் சுத்தத்தைக் கற்றுத் தந்தன என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. அவை தந்தது வசதியும், ஒரே மாதிரியான கட்டியும், பெயரும்.

1904இல் லீவர் கொண்டுவந்த விம் தூள், சாம்பலுக்கு நேரடிப் போட்டி. அது கிட்டத்தட்ட சாம்பல் செய்கிற வேலையைத்தான் செய்தது: உரசுகிற தூளோடு கொஞ்சம் சவர்க்காரம். இப்போது அதன் இடத்தில் பச்சைக் கட்டி; அதுவும் போய்ப் போத்தலில் திரவம். எங்கள் வீட்டில் சாம்பல் நின்றது விம்மால் என்று சொல்லமாட்டேன், எரிவாயு அடுப்பால். விறகு நின்றால் சாம்பல் எங்கே?

லைஃப்போய் 1894இல் வந்தது. கார்போலிக் அமிலம் சேர்த்த சிவப்புக் கட்டி. கிருமிக்கு எதிரான சவர்க்காரம் என்று சொல்லியே விற்றார்கள். அடுத்த வருடமே இந்தியாவுக்கு வந்துவிட்டது. என் வயதுக்காரருக்கு அந்தப் பழைய மணம் ஆசுபத்திரியையும், வயலில் இருந்து சேற்றோடு வந்த அப்பாவையும் ஞாபகப்படுத்தும். ஆண்கள் கட்டி, உழைக்கிறவன் கட்டி. லக்ஸ் அதற்கு எதிர்ப்பக்கம். 1900இல் பட்டு, கம்பளி கழுவுகிற செதிலாக வந்த பெயர், 1920களில் முகம் கழுவுகிற வாசனைக் கட்டியாகி, நடிகைகளைப் பிடித்துக்கொண்டது. ஒரே வீட்டில் கிணற்றடியில் சிவப்புக் கட்டியும், யாராவது விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வருகிற வெள்ளைக் கட்டியும் இருந்த காலம் உண்டு. கலியாணப் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே வாசனைக்காகவே ஒரு கட்டியைப் பிரிக்காமல் வைப்பதும் உண்டு.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. மட்டக்களப்பு நகரம், கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, கீழே கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி அல்லது களப்பு, நடுவில் மணல். கிணறு தோண்டினால் தண்ணீர் வரும், ஆனால் எல்லாக் கிணற்றிலும் ஒரே தண்ணீர் இல்லை. சில இடத்தில் தேன் மாதிரி, நாலு வீடு தள்ளினால் சவர். சவர்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டால் நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி வெள்ளைக் கட்டிகள் மிதக்கும். வாளியின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் படியும். எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடிச் சீமெந்தில் அந்த வளையம் கரண்டியால் சுரண்டி எடுக்கிற தடிப்பில் இருந்தது.

காரணம் இரண்டு. தண்ணீரில் கரைந்திருக்கிற கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத பொருளாக மாறிவிடும். அந்தத் தயிர் அதுதான். இன்னொன்று உப்பு. சவர்க்காரத் தொழிற்சாலையில் எண்ணெயையும் கோஸ்ரிக் சோடாவையும் காய்ச்சி முடித்த பிறகு, சவர்க்காரத்தைத் தனியே பிரித்தெடுக்க உப்புத்தான் போடுவார்கள். உப்புத் தண்ணீரில் சவர்க்காரம் கரைந்திருக்க முடியாமல் மேலே திரண்டு வரும். தொழிற்சாலையில் வேண்டுமென்று செய்கிற அதே வேலை, நம்முடைய சவர்க் கிணற்றடியில் வேண்டாமலே நடக்கிறது. தேங்காயெண்ணெய் கூடுதலாகச் சேர்ந்த கட்டி இதை ஓரளவு தாங்கும். கப்பல்காரர்கள் கடல் தண்ணீரில் குளிக்கத் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் வைத்திருந்தது அதனால்தான்.

பிறகு வந்தது தூள். சேர்ஃப் 1952இல் பிரித்தானியாவிலும் 1959இல் இந்தியாவிலும் இறங்கியது. அது சவர்க்காரமே இல்லை. பெற்றோலிய எண்ணெயில் இருந்து வந்த சலவைப்பொருள். கல்சியத்தோடு சேர்ந்து தயிராகாது, சவர்த் தண்ணீரிலும் நுரைக்கும். சேர்ஃபும் பின்னால் வந்த ரின்னும் இங்கே பிடித்துக்கொண்டதற்கு விளம்பரம் ஒரு காரணமாக இருக்கலாம். எங்கள் கரையில் கிணறும் ஒரு காரணம் என்பது என் கணக்கு. வாவிக்கு மேற்கே, நல்ல தண்ணீர் உள்ள படுவான்கரைப் பக்கத்தில் கட்டியும் கல்லும் இன்னும் விடாமல் இருப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

இன்னொரு காரணம் எல்லோர் வீட்டுக் கொடியிலும் தொங்குகிறது. இலங்கைப் பள்ளிக்கூடச் சீருடை வெள்ளை. கிரவல் ரோட்டில் சைக்கிள் மிதித்து, மரத்தடி மண்ணில் உருண்டு வருகிற பிள்ளைக்கு வெள்ளைச் சேட். ஞாயிறு பின்னேரம் எந்த ஊருக்குப் போனாலும் கிணற்றடியில் கொலர் தேய்க்கிற சத்தம் கேட்கும். முதலில் மஞ்சள் கட்டியால் கொலரிலும் கைமடிப்பிலும் ஒரு தேய்ப்பு, பிறகு தூளில் ஊறவைப்பு, கடைசியில் நீலம். நீலம் இன்னொரு கம்பனியின் கதை: இங்கிலாந்தின் ஹல் நகரில் 1840இல் மாவு காய்ச்சத் தொடங்கிய ரெக்கிற் குடும்பம் பிறகு சலவை நீலத்தில் பெயர் எடுத்தது. டெற்றோலும் ஹார்பிக்கும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். மஞ்சளாகிப்போன வெள்ளையின் மேல் கொஞ்சம் நீலம் ஏறினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். கூடிப்போனால் பிள்ளை திங்கட்கிழமை வானம் மாதிரிப் பள்ளிக்கூடம் போகும், நான் போயிருக்கிறேன்.

உள்ளூர்ப் போட்டியைப் பற்றியும் கொஞ்சம். சுதேசி 1941இல் வந்தது; ராணி சந்தனச் சவர்க்காரமும் வேம்புக் கட்டியான கொகொம்பவும் அவர்களுடையவை. 1948இல் தொடங்கிய ஹேமாஸின் பேபி செரமி, பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோகிற பையில் தவறாமல் இருக்கும். யூனிலீவர் பக்கத்தில் அதற்கு எதிராக நிற்பது பியர்ஸ் பேபி. கராம்பு மணத்தோடு வருகிற ஹேமாஸின் குளோகார்ட் சிக்னலோடு மல்லுக்கட்டுகிறது. கராம்பு பல்வலிக்கு நல்லது என்று முதலே நம்புகிற ஊரில் அந்தப் பற்பசைக்குப் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்து மில்க்வைற்றையும் சொல்லவேண்டும். தமிழர் ஒருவர் நடத்திய சவர்க்காரத் தொழிலகம். அதன் முதலாளி கனகராசா பனங்கொட்டை நடச் சொல்லி ஊர் ஊராகத் திரிந்ததால் சவர்க்காரத்தைவிடப் பனையால் அதிகம் பேசப்பட்டவர்.

கிழக்கில் அப்படி ஒரு பெரிய சவர்க்காரப் பெயர் எழவில்லை என்பது எனக்கு உறுத்துகிற விசயம். தென்னை இல்லாத ஊரா இது? 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோப்புகளைப் பெரும்பாலும் சாய்த்தது. மறுபடி நட்டுக் காய்க்கிற நேரத்தில் போர். சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டி, கட்டி கொஞ்சம் கூடினால் "ஆருக்கு இவ்வளவு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வாவியைக் கடந்த காலத்தில் எவன் தொழிற்சாலை போடுவான்? 2004 கடல்கோளுக்குப் பிறகு பள்ளிக்கூட முகாம்களில் கிடைத்த நிவாரணப் பைகளில் அரிசிக்குப் பக்கத்தில் ஒரு சவர்க்காரமும் ஒரு பற்பசையும் இருந்தன. எல்லாம் வெளியே இருந்து வந்தவை. இப்போது சில பெண்கள் குழுக்கள் வீட்டிலேயே தேங்காயெண்ணெய்க் கட்டியும் பாத்திரம் கழுவுகிற திரவமும் செய்கிறார்கள். கட்டி நன்றாகவே இருக்கிறது. உறையில்தான் பெயர் ஒட்டமாட்டேன் என்கிறது.

பெயர் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் எண்ணெய் எங்கே இருந்து வந்தது என்று கேட்கத்தான் வேண்டும். 1911இல் பெல்ஜியத்தின் கையில் இருந்த கொங்கோவில் லீவர் பெருமளவு எண்ணெய்ப்பனை நிலத்தைச் சலுகையாக வாங்கினார். லீவர்வில் என்று அங்கேயும் ஒரு ஊர். போர்ட் சன்லைற்றில் தொழிலாளிக்குத் தோட்டத்தோடு வீடு கட்டிக் கொடுத்தவரின் கம்பனிக்காகக் கொங்கோவில் பனைமரம் ஏறியவர்களைக் காலனித்துவ அரசு வற்புறுத்தியே வேலைக்கு அனுப்பியது. மலையகத் தோட்டங்களின் கதை தெரிந்த நமக்கு இது புதிதாக இருக்காது. நிறத்தை வைத்துச் செய்த வியாபாரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1975இல் இந்தியாவில் பிறந்த ஃபெயார் அண்ட் லவ்லி, 2020இல் உலகம் முழுக்க நிறவெறிக்கு எதிரான பேச்சு எழுந்தபோது குளோ அண்ட் லவ்லி ஆனது. கல்முனைக் கடையில் இன்றைக்கும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். பெயரை ஊர் வாயில் ஏற்றத் தெரிந்த கம்பனிக்கு இறக்கத் தெரியவில்லை.

கடைக்குள் இந்தச் சாமான்கள் எப்படி வருகின்றன என்று பார்த்தால் இன்னொரு விசயம் பிடிபடும். கிழமையில் ஒருநாள் ஏஜென்ற்றின் வான் வரும். விற்பனைக்கு வருகிற ரெப் தம்பி கையில் ரப்லெற்றோடு இறங்கி, அலுமாரியில் எந்த வரிசை குறைந்திருக்கிறது என்று பார்த்து ஓடர் போடுவார். பன்னிரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்கிற மாதிரி ஏதாவது ஒரு கணக்குச் சொல்வார். கடைவாசலில் தோரணம் மாதிரித் தொங்குகிற சாம்பூப் பைக்கற் சரங்களைக் கட்டிவிட்டுப் போவார். போத்தல் வாங்க ஒரே தடவையில் காசு இல்லாதவருக்கு ஒரு தலைக்குளிப்புக்கு ஒரு பைக்கற். நாட்கூலிக்குப் போகிற வீட்டுக்கு இது ஒரு உதவிதான். காலிப் பைக்கற் வாவிக்குள் போய்ச் சேர்வதும் உண்மைதான். தூண்டில் போடுகிறவர்களைக் கேட்டால் மீனைவிட எது அதிகம் மாட்டுகிறது என்று சொல்வார்கள்.

2021 ஏப்ரலில் அரசாங்கம் பாம் எண்ணெய் இறக்குமதியைத் தடை செய்தது. பின்னர் அதைத் தளர்த்தினார்கள். ஆனால் அடுத்த வருடம் டொலரே இல்லாமல் போனது. 2022 மார்ச்சில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது; செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட. சவர்க்காரத்தில் சேர்கிற பலதும் வெளிநாட்டுச் சாமான்: எண்ணெய், கோஸ்ரிக் சோடா, வாசனை. விலை மாதத்துக்கு இரண்டு தடவை மாறியது. பழைய விலை அச்சடித்த கட்டி எந்தக் கடையில் மிச்சம் இருக்கிறது என்று சைக்கிளில் தேடித் திரிந்தோம்.

அந்த வருடத்தில்தான் நான் முதலில் சொன்ன கடையில் அதைப் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை, பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், கையில் காசைப் பொத்திக்கொண்டு வந்து நின்றது. "அண்ணே, சன்லைற் அரைக்கட்டி தருவீங்களா? அம்மா கேக்கச் சொன்னா." கடைக்காரத் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. இது முதல் தடவை இல்லை போல. ஒரு கட்டியை எடுத்து உறையைப் பிரித்தார். பெட்டிக்குக் கீழே இருந்து நைலோன் நூல் ஒன்றை எடுத்து, கட்டியின் நடுவில் சுற்றி, இரண்டு கையாலும் இழுத்தார். கத்தி போட்டால் ஓரம் உதிரும் என்று என்னிடம் சொன்னார். கட்டி சத்தமில்லாமல் இரண்டாகியது. நடுவில் அச்சிட்ட பெயரும்தான்: ஒரு துண்டில் சன், மறு துண்டில் லைற்.

"எந்தப் பக்கம் வேணும் புள்ள?" என்று கேட்டார். பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பெரிதாகத் தெரிந்ததைக் காட்டியது. அதைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். மற்றத் துண்டை உறைக்குள் திருப்பி வைத்து, கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில், அடுத்தவருக்காக எடுத்து வைத்தார்.